நாலாம் நம்பர் பம்புக்கு நற்சான்றிதழ்

எங்கள் தொழிலில் நோயாளி வாய் திறக்கமாட்டார். கூட இருப்பவர்கள் அவர் ரொம்ப நன்றாக இருப்பதாகச் சொல்வார்கள்.

நோயாளி என்று நான் சொல்வது பம்பு, மோட்டார், மின்விசிறி, கம்ப்ரஸர் முதலான, சுழல்வதையே பிழைப்பாகக் கொண்ட எந்திரங்களை. காந்தம் பொருத்திய ஒரு சென்சாரை அவற்றின் உடம்பில் ஒட்டி, அதிர்வைப் பதிவு செய்து, "உள்ளே பேரிங் கெட்டுக்கொண்டிருக்கிறது", "ஷாஃப்ட் கோணலாக நிற்கிறது" என்று குறி சொல்வது என் வேலை. சொந்த ஊர் கோயம்புத்தூர். பம்பு செய்கிற ஊரில் பிறந்து, பம்பு கெடுகிற ஊருக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. துபாயில் கோடையின் நடுவில் ஏ.சி. நின்றுபோய், ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, மெக்கானிக்குக்குப் போன் அடித்தபடி உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நீங்களும் நம் கட்சி. மேலே படிக்கலாம்.

சில வருடங்களாக, குறி சொல்கிற வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் எனக்கு உத்தியோகம். அதில் ஒரு சங்கடம். கெட்ட பேரிங் எப்படி அதிரும் என்று கம்ப்யூட்டர் கற்க வேண்டுமானால், கெட்ட பேரிங்கின் பதிவுகள் ஏராளமாக வேண்டும். அது எங்கேயும் கிடைக்காது. இந்தப் பக்கத்தில் ஒரு பம்பு ஓடிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போயிருக்கும். நடுவில் அது கெட்டுக்கொண்டிருந்த நாட்களை யாரும் பதிவு செய்து வைப்பதில்லை. நல்ல பம்பைக் கொடுத்து, "உடைத்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்கிற தர்மப்பிரபுவையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆகவே கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய்ப் பம்பைக் கட்டி, அதை விதவிதமாக உடைக்கிறோம். பேரிங்கில் கீறல் போடுவோம், ஷாஃப்டை வளைப்போம், அடித்தள போல்ட்டைத் தளர்த்துவோம். ஒரு சுலைமானி டீ குடித்து முடிப்பதற்குள் முப்பது பம்பு காலி. இதற்குப் பெயர் சிமுலேஷன். பொய்ப் பம்பிடம் படித்த பாடத்தோடு புரோகிராமை நிஜப் பம்பிடம் அனுப்பி, அங்கே கொஞ்சம் பழகவிட்டு, பிறகு வேலையில் சேர்த்துவிடுவதற்குப் பெயர் ட்ரான்ஸ்ஃபர் லேர்னிங். கேட்க எளிதாக இருக்கும்.

நனையாத பன்னிரண்டாயிரம்

எங்கள் புரோகிராமை வெள்ளோட்டம் விடக் கிடைத்த இடம் துபாய் ஓரத்திலுள்ள சோனாப்பூர். அங்கே ஒரு பெரிய தொழிலாளர் குடியிருப்பு, அதற்கென்று ஒரு குளிரூட்டும் நிலையம். நான்கு பம்புகள் குளிர்ந்த தண்ணீரைக் கட்டடம் கட்டடமாக அனுப்பிக்கொண்டிருக்கும். மூன்று ஓடும், ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று நிற்கும். நிலையத்தின் மேனேஜர் ஹாத்தெம், எகிப்துக்காரர், அதிகம் பேசாதவர். மூன்று மாதம் சோதனை, சரியாக வந்தால் ஒப்பந்தம் என்றார். அவர் பக்கத்தில் சூப்பர்வைசர் யோகராஜ் நின்றுகொண்டிருந்தார். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், நாற்பத்தைந்து வயது. அந்த நிலையத்தில் எந்த வால்வைத் திருகினால் எந்தக் கட்டடத்துக்குத் தண்ணீர் போகும் என்று முழுதாகத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். அதனாலேயே அவருக்கு இரண்டு வருடமாக லீவு கிடைக்கவில்லை.

"நான்கு பம்பும் நன்றாக இருக்கின்றன என்று பொறுப்பான ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், இந்த மனிதரை அன்றைக்கே ஊருக்கு அனுப்புகிறேன்" என்றார் ஹாத்தெம். யோகராஜ் என்னைப் பார்த்த பார்வையில், கையெழுத்தை அங்கேயே போட்டுவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. ஹாத்தெம் தொடர்ந்தார். "உன் கம்ப்யூட்டர் இதுவரை எத்தனை பம்பு கெட்டதைப் பார்த்திருக்கிறது?" நான் நெஞ்சை நிமிர்த்தி, "பன்னிரண்டாயிரம்" என்றேன். "எங்கே?" என்றார். "கம்ப்யூட்டருக்குள்ளேதான்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"பன்னிரண்டாயிரம் பம்பு, சரி. அதில் ஒன்றாவது தண்ணீரில் நனைந்ததா?"

கவிதாவின் விளக்கம்

துபாய் கராமாவில் எங்கள் ஃப்ளாட்டில் ஒரு சனிக்கிழமை. என் மகள் பள்ளிக்கூடப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தாள். "அப்பா, உங்க ஜாப் என்னன்னு எழுதணும். ஷார்ட்டா சொல்லுங்க, டூ லைன்ஸ்தான் இருக்கு" என்றாள். நான் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சிமுலேஷனில் தொடங்கினேன். கால் மணி நேரம் கழித்து அவள் கையில் இருந்த பேனாவுக்கு மூடி போட்டுவிட்டாள்.

சமையலறையிலிருந்து என் மனைவி கவிதா கை துடைத்துக்கொண்டு வந்தாள். "கண்ணு, உங்கப்பாரு ஊர்ல பத்து வருஷம் காரு ஓட்டுனவரு. இங்க வந்தா ரோட்டுல பக்கமே வேற, ஸ்டீரிங் வேற பக்கம். ஓட்டத் தெரியாம இல்ல, ஆனா இந்த ஊருக்குன்னு மறுக்கா கொஞ்சம் கிளாஸ் போகோணும். அப்பத்தான் லைசன்ஸ் தருவாங்க. அந்த மாதிரி கம்ப்யூட்டருக்குக் கிளாஸ் எடுக்கறாரு. எழுதிக்க" என்றாள். இதைவிடத் தெளிவாக ட்ரான்ஸ்ஃபர் லேர்னிங்கை விளக்கிய ஒரு கட்டுரையை நான் படித்ததில்லை. அப்படியே எழுதிக்கொள் என்றேன். மகள் எழுதப்போய் நிறுத்தினாள்.

"ஆனா அப்பா, நீங்க லைசன்ஸ் டெஸ்ட்ல மூணு தடவை ஃபெயில்தானே?"

பதினோரு பேருக்கும் காய்ச்சல்

சோனாப்பூர் சோதனை நடந்துகொண்டிருந்தபோதே ரியாத்தில் ஒரு தண்ணீர் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. பதினோரு பம்பு. புரோகிராமை லேப்டாப்பில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன். ஒரே நாளில் பதினொன்றையும் அளந்தேன். பதினொன்றும் சிவப்பு. ஒவ்வொன்றிலும் கடும் பழுது, உடனே நிறுத்தவும் என்றது புரோகிராம். எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பெருமைதான் வந்தது. எவ்வளவு பெரிய ஆபத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று, அங்கே பராமரிப்புப் பொறுப்பில் இருந்த கலீல் பாயிடம் அரைமணி நேரம் படம் போட்டு விளக்கினேன். அவர் ஹைதராபாத்காரர், நிதானமான ஆள். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "முதலில் சாப்பிடலாம்" என்று பத்தா என்ற கடைத்தெருவுக்கு அழைத்துப்போனார்.

செல்போன் கடைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஹோட்டல். மட்டனை எனக்கும் எலும்பைத் தனக்குமாகப் பரிமாறிக்கொண்டே, "துபாயில் கரண்டு எத்தனை ஹெர்ட்ஸ், பாய்?" என்றார். "ஐம்பது" என்றேன். சொன்னதும் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். துபாய் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கும். சவுதியில் அறுபது. அதே மோட்டார் இங்கே இன்னும் வேகமாகச் சுற்றும். என் புரோகிராமோ துபாய் வேகத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறது. வேகமாகச் சுற்றுகிற நல்ல பம்புகளைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் கைகால் உதறுகிறது என்று எழுதிவிட்டது. மோட்டார் தகட்டில் கொட்டை எழுத்தில் அறுபது என்று போட்டிருந்ததை, பதினோரு தடவை பக்கத்தில் நின்றும் நான் படிக்கவில்லை. கலீல் பாய் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

"பதினோரு பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் என்றால், முதலில் தெர்மாமீட்டரை மாற்றிப் பார்க்க வேண்டும், பாய்."

விருந்தாளி வருகிறார்

சோனாப்பூருக்கு நான் போவது வியாழக்கிழமைகளில். உள்ளே நுழைய கேட் பாஸ் வேண்டும், அதற்கு முந்தின நாளே மெயில் போட வேண்டும். ஆகவே புதன்கிழமை காலையிலேயே நான் வருகிற செய்தி நிலையம் முழுவதும் தெரிந்துவிடும். ஒரு வியாழக்கிழமை போனபோது தரையெல்லாம் கழுவிவிட்டிருந்தார்கள். குழாய்களைத் துடைத்திருந்தார்கள். பேரிங்குகளின் ஓரத்தில் புதுக் கிரீஸ் பளபளத்தது. நான்கு பம்புகளுக்கும் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

அழகாக இருக்கிறதே என்று ரசித்தபடி சென்சாரை நாலாம் நம்பர் பம்பின் மேல் வைத்தேன். காந்தம் பிடிக்கவேண்டிய இடத்தில் பிடிக்காமல், மெதுவாக, மரியாதையாக, கீழே வழுக்கிக்கொண்டு போனது. பெயின்ட் இன்னும் காயவில்லை. அதைப் பிடிக்கப்போய் என் முழுக்கைச் சட்டையும் பச்சை. அன்றைக்கு முழுவதும் பம்பின் அதிர்வைவிடப் பெயின்டின் வழவழப்பைத்தான் அதிகம் அளந்தேன். கோபத்தோடு ஃபோர்மேன் இக்பாலிடம் போனேன். பாகிஸ்தான்காரர், பருத்த உடம்பு, குழந்தை முகம். என் சட்டையைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"மாஃப் கரோ சாப், யாரோ பெரிய ஆள் வருவதாகச் சொன்னார்கள். நீங்கள்தான் வருகிறீர்கள் என்று தெரிந்திருந்தால் அடித்திருக்கவே மாட்டோம்."

கதவு

அளந்து முடித்ததும் கண்ட்ரோல் ரூமில் யோகராஜ் டீ கொடுப்பார். டீயோடு போனில் வீட்டைக் காட்டுவார். ஹட்டனுக்குப் பக்கத்தில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீடு. அவருடைய அப்பாவும், அப்பாவைப் பெற்றவர்களும் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில் இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தவர்கள். தன் பெயரில் பத்திரம் உள்ள நிலம் என்பது அந்தக் குடும்பத்தில் இதுதான் முதல். இரண்டு வருடமாக அந்த வீட்டைப் போன் வழியாகவே கட்டியிருந்தார். கொத்தனாரிடம் வீடியோவில் மட்டம் பார்க்கச் சொல்லி, அடுக்களையில் எத்தனை டைல்ஸ் என்பது வரை தெரிந்து வைத்திருந்தார். ஆனால் நேரில் பார்த்ததில்லை. ஆவணியில் பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. "வாசக்கதவ என் கையால ஒரு தடவ தொறக்கணும் சார். வேற ஒண்ணுமில்ல" என்பார்.

ஒன்பதாவது வியாழக்கிழமை நான்கு பம்புகளுக்கும் புரோகிராம் பச்சை விளக்குக் காட்டியது. நாலாம் நம்பருக்குத்தான் இருப்பதிலேயே நல்ல மதிப்பெண். எனக்கு ஒரே சந்தோஷம். சான்றிதழை அங்கேயே அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டேன். ஹாத்தெம் சொன்ன சொல் தவறாமல் லீவு எழுதிக்கொடுத்தார். மாலைக்குள் யோகராஜ் டிக்கெட் எடுத்துவிட்டார். நான் கிளம்பும்போது கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

"வரும்போது தேயிலை கொண்டாறேன் சார். நாங்க குடிக்கிற தூள் இல்ல, வெளிநாட்டுக்கு அனுப்புற நல்ல தேயிலை."

வாராவாரம் ஒரு சரிவு

நாலாம் நம்பரில் ஒரு சின்ன சென்சாரை நிரந்தரமாக ஒட்டி வைத்திருந்தோம். அது தானாகவே தினமும் அதிர்வை அனுப்பிக்கொண்டிருந்தது. வாராவாரம் நானே போய் அளந்ததால் அதைத் திறந்து பார்க்கச் சோம்பல். சான்றிதழ் கொடுத்த மறு வாரம், திங்கட்கிழமை, அறிக்கைக்கு ஒரு படம் வேண்டுமே என்று திறந்தேன். கோடு ரம்பத்தின் பல்லைப் போல இருந்தது. வாரம் முழுவதும் அதிர்வு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். வியாழக்கிழமை சட்டென்று விழும். மறுபடி ஏறும். ஞாயிற்றுக்கிழமை ஆட்களெல்லாம் அறையில் இருப்பதால் ஏ.சி. அதிகம் ஓடுகிறது, அதன் விளைவு இது என்று நான் ஒன்றரைப் பக்கம் விஞ்ஞான விளக்கம் எழுதினேன். எழுதி முடித்து ஒரு சந்தேகத்துக்கு யோகராஜைக் கூப்பிட்டேன்.

"யோகராஜ், வியாழக்கிழமை அங்க என்ன விசேஷம்?"

"நீங்க வர்ற நாள் சார்."

"அது தெரியும். நான் வர்றதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

"கழுவித் தொடச்சு, எல்லா பேரிங்குக்கும் கிரீஸ் அடிப்போம் சார். வெளியாளு வந்து நிக்கும்போது மெஷின் சத்தம் போட்டா நல்லாவா இருக்கும்? நாலாம் நம்பருக்கு மட்டும் ரெண்டு தடவ அடிப்போம். அது கொஞ்சம் முனகும்."

எழுதிய ஒன்றரைப் பக்கத்தையும் அழித்தேன். கெட்டுப்போன பேரிங்குக்குப் புதுக் கிரீஸ் அடித்தால் இரண்டு மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நோய் உள்ளேயே இருக்கும். இதைவிட மோசம், "நலமான பம்பு இப்படித்தான் அதிரும்" என்று என் புரோகிராமுக்கு நான் காட்டிய பாடங்கள் எல்லாமே வியாழக்கிழமைப் பதிவுகள். அது ஒன்பது வாரமாகப் புதுக் கிரீஸைத்தான் ஆரோக்கியம் என்று கற்றுக்கொண்டிருக்கிறது. அந்த ரம்பக் கோட்டை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. யோகராஜின் விமானம் ஒன்பது நாளில். ஒரு மாதம் பம்பு தாங்கினாலும் தாங்கும். பேசாமல் இருந்துவிடலாமே என்று நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனாலும், நோய் உள்ளே இருக்கலாம், திறந்தால் லீவு தள்ளிப்போகலாம் என்று அவரிடமே சொல்லிவிட்டேன். அவர் ஒரு பழைய கதையை ஆரம்பித்தார். துபாய்க்கு வந்த புதிதில் இதே குடியிருப்பில் ஓர் அறையில் எட்டுப் பேரோடு இருந்தாராம். ஒரு ஆகஸ்டில் குளிர் தண்ணீர் நின்றுபோய், சைட்டிலிருந்து திரும்பிய ஆட்கள் பாயைத் தூக்கிக்கொண்டு மூன்று நாள் படிக்கட்டில் கிடந்தார்களாம். ஒருவருக்கு அங்கேயே மயக்கம் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம்.

"தொறந்து பாத்துருங்க சார். நான் அங்க குளிருக்குப் போர்வை போத்திப் படுத்திருக்கப்ப இங்க இது நின்னு போச்சுன்னா, அந்த வீட்ல எனக்கு எப்பிடித் தூக்கம் வரும்?"

உளுந்தளவு

ஹாத்தெமிடம் நேராகப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு வாரம் யாரும் கிரீஸ் கன்னைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். அடுத்த திங்கட்கிழமை, கேட்டில் அவரே வந்து நின்று, மெயில் இல்லாமல் என்னை உள்ளே விட்டார். அன்றைக்குத் தரை கழுவியிருக்கவில்லை. பம்புகள் தங்கள் சொந்தக் குரலில் ஓடிக்கொண்டிருந்தன. நாலாம் நம்பரில் ஒரே சீராக ஒரு தட்டல் திரும்பத் திரும்பக் கேட்டது. கழற்றினோம். பேரிங்கின் வெளிவளையத்தில் உளுந்தளவு ஒரு குழி. கணினியில் எத்தனையோ முறை நானே தோண்டிய அதே குழிதான். நிஜத்தில் முதன்முறையாகப் பார்க்கிறேன். விரலால் தடவினால் நகம் இடறியது. இக்பால் எட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு, தன் கிரீஸ் கன்னைத் தூரமாக எடுத்துக்கொண்டுபோய் வைத்தார்.

அந்த அளவு பேரிங் கையிருப்பில் இல்லை. வந்துசேரப் பத்து நாளுக்கு மேல் ஆகும் என்றார்கள். அதுவரை மூன்று பம்புதான், மாற்று கிடையாது, வெளியே அனல். யோகராஜின் விமானமோ புதன்கிழமை. தப்பு என்னுடையது, கிரீஸைக் கவனிக்காதது நான், இவரை மட்டும் அனுப்பிவிடுங்கள், வேண்டுமானால் பத்து நாளும் நானே இங்கே வந்து உட்காருகிறேன் என்று ஹாத்தெமிடம் கெஞ்சினேன். "உனக்கு எந்த வால்வு எந்தக் கட்டடத்துக்கு என்று தெரியுமா?" என்றார். தெரியாது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் சான்றிதழை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து, நாலாக மடித்து, என் கையில் கொடுத்தார்.

"உன் கையெழுத்தை நம்பித்தான் அவரை விமானத்தில் ஏற்ற இருந்தேன். இப்போது உன் பேச்சை நம்பித்தான் இறக்குகிறேன்."

எட்டு மணி பத்து நிமிடம்

யோகராஜுக்கு லீவு கிடைக்காமல் போகவில்லை. புது பேரிங் வந்து, ஓடிப் பார்த்து, இருபது நாள் கழித்துப் போய் வந்தார். எங்களுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. உளுந்தளவுக் குழியின் பதிவு இன்று எங்கள் புரோகிராமுக்குப் பெரிய சொத்து. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பால் காய்ச்சும் நாளைத் தள்ளிப்போட முடியவில்லை. உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, லயத்து அறையைக் காலி செய்தாகிவிட்டது. அங்கே ஒன்பது நாற்பதுக்கு முகூர்த்தம், துபாயில் எட்டு பத்து. எனக்கு அன்றைக்கு சோனாப்பூரில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் கேட் பாஸ் போட்டுக்கொண்டு போனேன்.

கண்ட்ரோல் ரூமில் பேனல்மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டிருந்தார். துவைத்த யூனிஃபார்ம், நெற்றியில் திருநீறு. "மன்னிச்சுக்குங்க யோகராஜ்" என்றேன். "அதெல்லாம் இருக்கட்டும் சார், நேரமாகுது, இங்க வந்து நில்லுங்க, மறைக்குது" என்று என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். திரையில் புது வீடு, மாவிலைத் தோரணம், பட்டுச் சேலையில் அவர் மனைவி சரோஜா. கதவை யார் திறப்பது என்று அங்கே பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் திறக்கட்டும், மகன் திறக்கட்டும் என்றார்கள். சரோஜா முன்னால் வந்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்து, திரையை வெளிப்பக்கம் திருப்பி, அதை அப்படியே கதவில் வைத்துத் தள்ளினாள். எங்கள் பக்கம் இருட்டாகிவிட்டது. இருட்டுக்குள் ஒரு நீண்ட கிறீச். பிறகு வெளிச்சம், வெள்ளைச் சுவர், அடுக்களை டைல்ஸ். யோகராஜின் வலது கை காற்றில் நீட்டியபடியே நின்றது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. அங்கே யாரோ ஒருவர், கீல் சத்தம் போடுகிறது, எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவாருங்கள் என்றார். யோகராஜ் பதறிப்போய் போனுக்குக் கிட்டே குனிந்தார்.

"வேணாம், எண்ணெ விடாதீங்க. சத்தம் அப்பிடியே இருக்கட்டும், நான் வந்து பாக்குறேன்."

பதினாறு வருடத்தில் தப்பாகச் சொன்ன நாட்களிலெல்லாம் சிரித்துச் சமாளித்துவிட்டேன், சரியாகச் சொன்னதற்குத்தான் ஒரு மனிதரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.